மேற்படி பிள்ளையைப் பார்த்தவள்

கெல்மவுத்
12 மார்ச் 2004

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

நான் நலம். நீ நலமாகவும் சற்றுப் பருத்தும் இருக்கிறாய் என்பதை, நீ தலைவராக இருக்கும் தமிழ்ப் பேரவையின் ஆண்டு மலரில் வந்திருக்கும் உன்னுடைய ஐந்து படங்களிலிருந்து அறிந்துகொண்டேன்.

மலர் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. முப்பத்தேழாம் பக்கத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சவரம் செய்யும்போது கன்னத்தைக் கீறிவிட்டேன், அவரே பயந்துபோய் "இன்றைக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தாய். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. தொலைபேசியில் உன்னோடு சண்டை பிடிக்க ஏலாது. நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லி, கடைசியில் "சரி அக்கா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நீ மறந்துவிட்டாய் என்பதற்காக அல்ல. தெரிந்துகொண்டே செய்தாய் என்பதற்காக.

எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் மிஸ் ஹில்டா இந்த ஊரில் ஆசிரியையாக இருந்தவர். இருபது வருடமாக இங்கே புனித நிக்கலஸ் தேவாலயத்தின் பழைய அடக்கப் பதிவேடுகளைப் படி எடுத்து வந்தார். துறைமுக ஊர் என்பதால் கப்பலில் வந்து செத்தவர்கள், கடலில் மிதந்து வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள். இப்போது அவருக்குக் கண் தெரிவதில்லை. இரண்டு வருடமாக நான் வேலை முடிந்த பின் பிற்பகல் மூன்று மணிக்கு அவருக்குப் பக்கத்தில் இருந்து, பதிவேட்டின் புகைப்படப் படிகளை எழுத்தெழுத்தாக வாசித்துத் தாளில் எழுதுகிறேன். ஊரில் நொத்தாரிசு செபமாலைமுத்துவின் கந்தோரில் பதினொரு வருடம் காணி உறுதிப் பத்திரங்களுக்குப் படி எழுதினவள் நான். பழைய கையெழுத்து எனக்குப் புதிதல்ல.

ஜனவரியில் 1789ஆம் வருடத்துப் பக்கத்தில் இரண்டு பதிவுகள் வந்தன. அந்தப் பக்கத்தின் படியோடு, அவற்றை உனக்குத் தமிழிலும் எழுதி அனுப்பினேன். மறுபடியும் எழுதுகிறேன்.

"பெப்ரவரி 9. சார்லட், இந்தியாவிலிருந்து வந்த கப்டன் ரேயின் மகள், வயது இரண்டு. அம்மை."

"பெப்ரவரி 20. ஒரு மலபார்ப் பெண், மேற்படி பிள்ளையைப் பார்த்தவள். அம்மை. வடக்குப் பக்கம்."

அவ்வளவுதான். பிள்ளையைக் கவனித்துக்கொண்டவள் என்பதைத் தவிர, பெயர் இல்லை, வயது இல்லை. அந்தக் காலத்தில் சென்னைப் பக்கத்து வெள்ளைக்காரர் நம்மவர்களை மலபார்கள் என்றுதான் எழுதினார்கள் என்று மிஸ் ஹில்டா சொன்னார். அவள் தமிழ்ப் பெண்ணாக இருக்கக்கூடும் என்று உனக்கு எழுதினேன். "கூடும்" என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன்.

உன் மலரின் முப்பத்தேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது? "ஆங்கில மண்ணில் துயிலும் முதல் தமிழர்." முதல் என்று யார் சொன்னது? "சொந்தச் சரக்குடன் கப்பலேறி வந்த வணிகப் பெருமகன்." பெருமகனா? பக்கத்தில் ஒரு படம். தலைப்பாகை, முத்துமாலை, முறுக்கிய மீசை. அந்த மீசையை வைத்தது யார், செயலாளர் ஸ்ரீதரனா, நீயா?

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "இப்பதிவைக் கண்டெடுத்தவர், கெல்மவுத் பெருமருத்துவமனையின் மேட்ரனும் நம் தலைவரின் தமக்கையுமான செல்வி நகுலேஸ்வரி." கெல்மவுத்தில் பெருமருத்துவமனை இல்லை, தம்பி. இருந்த சின்ன ஆஸ்பத்திரியும் தொண்ணூற்றாறில் மூடியாயிற்று. ஒரே பக்கத்தில் இரண்டு பெண்களுக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறாய். இரண்டு பேரும் கேட்கவில்லை.

மே மாதம் பதினைந்தாம் தேதி இங்கே தேவாலயத்தில் இதே வசனத்தோடு கல் வைக்கப்போவதாக மலரின் கடைசிப் பக்கம் சொல்கிறது. அதை நிறுத்து. உள்ளதை உள்ளபடி எழுதிக் கல் வை, நானே வந்து விளக்கேற்றுகிறேன். இந்தப் பொய்யைக் கல்லில் வெட்ட நான் விடமாட்டேன்.

அக்கா
நகுலேஸ்வரி


ஹரோ
21 மார்ச் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாலாவும் வாசித்தாள். "உங்கட அக்காவுக்கு ஏன் இவ்வளவு கோவம்?" என்று கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை. படங்கள் ஐந்து அல்ல, நான்கு. ஐந்தாவது படத்தில் நிற்பவர் சபாரத்தினம் அண்ணை. தூரத்தில் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாயல்.

நடந்ததை நானும் ஒழுங்காகச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய தாளை அப்படியே நிர்வாகக் குழுவில் வைத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் போன பிறகு, அந்தச் சின்னக் கதிரைகளில் பதினொரு பேர் இருந்தோம். எல்லோருக்கும் புல்லரித்தது. இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் ஒரு தமிழ் உயிர். பிறகு சபாரத்தினம் அண்ணை கண்ணாடியைப் போட்டு வடிவாக வாசித்துவிட்டுக் கேட்டார். "வெள்ளைக்காரன்ரை வீட்டில பிள்ளை பாத்த பொம்பிளையோ? தனியக் கப்பலில வந்தவவோ? எந்தப் பகுதி ஆக்களோ, ஆருக்குத் தெரியும்?" அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. கல்லைக் கொடுப்பவர் அவர். அவருக்கு ஹவுன்ஸ்லோவில் மூன்று கடை, சொல்லுக்கு மரியாதை உண்டு.

ஸ்ரீதரன்தான் சொன்னார், மலபார் என்றால் மிளகு, மிளகு என்றால் வணிகம், அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர் வணிகராக இருக்கவும் ஏலும் என்று. நீங்களே "கூடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் ஒரு "கூடும்" போட்டார். செத்து இருநூறு வருடத்துக்கு மேலான ஒருவர் ஆணா பெண்ணா என்று யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

அக்கா, நான் பகிடியாக எழுதினாலும் இதில் எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எழுபத்தொன்பதில் நான் முதல் வேலைக்குப் போன கணக்காளர் கந்தோரில், பரீட்சை பாஸ் பண்ணின என்னைத்தான் ஒரு வருடம் தேத்தண்ணீர் போடச் சொன்னார்கள். கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றபோது ஒருவன் கேட்டான், உங்கள் நாட்டில் எல்லோரும் இந்த வேலைதானா என்று. அதை நான் மறக்கவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, "உன்ர ஆக்கள் இந்த நாட்டுக்கு வேலைக்காரராய் வந்தவை" என்று ஒரு கல்லை நானே நட்டு வைக்கவா? ஒரு நல்ல மூதாதையைக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?

உங்களைப் பற்றியும் உயர்த்தித்தானே எழுதினேன்? தாழ்த்தி எழுதியிருந்தால் கோபிக்கலாம்.

கல் வந்துவிட்டது. கருங்கல், பொன் எழுத்து, மேலே பேரவையின் இலச்சினை. கீழே புரவலர், தலைவர், செயலாளர் பெயர்கள். மேயர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு வேலை மிச்சம். கல்லில் உள்ள வசனம் பதிவேட்டோடு ஒத்திருக்கிறது என்று, அதைப் படி எடுத்தவர் கையொப்பம் வைத்த பிறகுதான் கல்லை வைக்க விடுவேன் என்று உங்கள் ஊர்ப் பாதிரியார் எழுதியிருக்கிறார். மிஸ் ஹில்டாவுக்குக் கண் தெரியாது. ஆகவே நீங்கள்தான். ஃபோமை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை ஒட்டிய உறையும் உண்டு. கையொப்பம் வைத்து அனுப்பிவிடுங்கள்.

சாப்பாட்டைக் கவனியுங்கள்.

உங்கள் தம்பி
ராசன்


கெல்மவுத்
27 மார்ச் 2004

தம்பி,

ஃபோமைத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை, தாளைக் கிழிப்பது எனக்குப் பழக்கமில்லை. குறுக்கே இரண்டு கோடு போட்டுச் "செல்லாது" என்று எழுதியிருக்கிறேன்.

"எந்தப் பகுதி ஆக்களோ." இந்த ஒரு வசனத்தை வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பெயரே இல்லாமல் மண்ணுக்குள் போனவளிடம் இருநூறு வருடம் கழித்து ஹரோவில் சின்னக் கதிரையில் இருந்துகொண்டு இதைக் கேட்க உங்கள் சபாரத்தினத்துக்கு வாய் வந்திருக்கிறது. பதினொரு பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அவளைப் புதைத்த வெள்ளைக்காரப் பாதிரி பெயரைக் கேட்கவில்லை. நீங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, சாதியைத்தான் கேட்டீர்கள். எது மோசம் என்று நீயே யோசி.

"வடக்குப் பக்கம்" என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. தேவாலயத்தின் வடக்குப் பக்கத்தில் வெயில் விழாது. தற்கொலை செய்தவர்கள், கடலில் மிதந்து வந்தவர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லோரையும் அங்கேதான் போட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே புல்வெட்டும் மெஷின் வைக்கும் தகரக் கொட்டில் இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் சின்னச் சார்லட்டுக்கு ஒரு கல் உண்டு, தேவதையின் முகத்தோடு. மழையில் மூக்குக் கரைந்திருக்கிறது, ஆனாலும் கல் உண்டு.

இன்னொன்றும் பார்த்தேன். கப்டன் ரே 1811இல், மனைவி 1803இல், இருவரும் பல வருடம் கழித்துத்தான் இதே பதிவேட்டில் வருகிறார்கள். ஆளுக்கு அரைப் பக்கம். நற்குணங்கள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அம்மை கண்ட பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவளுக்குத்தானே அம்மை வரும்? தாய்க்கு வரவில்லை. தகப்பனுக்கு வரவில்லை. இவளுக்கு வந்தது. பிள்ளை போய்ப் பதினொரு நாளில் இவளும் போனாள். அந்தப் பிள்ளையை யார் மடியில் வைத்திருந்தார்கள் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பதிவேடும் சொல்லாது. அவளை எடுத்துவிட்டு, மீசை வைத்த மிளகு வியாபாரியை அங்கே படுக்க வைக்கப் பார்க்கிறாய்.

செபமாலைமுத்து ஐயாவின் கந்தோருக்கு ஒருநாள் ஒரு பெரிய மனிதர் காரில் வந்தார். பழைய உறுதியில் தெற்கு எல்லையில் "பொதுக் கிணறு" என்று இருந்தது. படி எழுதும்போது "பொது" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடச் சொன்னார். ஐயா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "பிள்ளை, உறுதியில பிழை இருந்தாலும் பிழையாத்தான் படி எடுக்கவேணும். திருத்திறது எங்கட வேலையில்லை." அந்த மனிதர் போனபிறகு எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்தார். மிஸ் ஹில்டாவும் இதையேதான் சொல்வார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

தேத்தண்ணீர்க் கோப்பையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கதையை நீ இதுவரை சொன்னதில்லை. வாசித்தபோது மனம் நொந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அப்படிக் கேட்டவனிடம் காட்டு. இவளிடம் காட்டாதே.

நான் காலையில் எட்டுப் பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டி விடுகிறேன். பதினாறு வருடமாக இதுதான் வேலை. எனக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை. மேட்ரன் என்று நீ எழுதியதை வாசித்த பிறகுதான், வெட்கப்பட வேண்டியது ஏதும் உண்டோ என்று முதல் தடவையாக யோசித்தேன். அந்த யோசனையை என் தலையில் போட்டதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

நகுலேஸ்வரி


ஹரோ
5 ஏப்ரல் 2004

அக்கா,

குறுக்குக் கோடு போட்ட ஃபோம் கிடைத்தது. நல்ல காரியம் செய்தீர்கள். ஸ்ரீதரன் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறையைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் போயிற்று.

நீண்ட கடிதம் எழுத எனக்கு நேரம் இல்லை. ஏப்ரல், கணக்காளனுக்கு மூச்சு விடாத மாதம். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தாயிற்று. மேயரின் நாள் எடுத்தாயிற்று. மூன்று பஸ் பேசியாயிற்று, மனோர் பார்க்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இந்த நிலையில் தலைவரின் சொந்த அக்காவே கையொப்பம் வைக்க மாட்டேன் என்கிறார் என்று நான் எந்த முகத்தோடு குழுவில் சொல்வது? ஆகவே இன்னொரு ஃபோம் எடுத்து, உங்கள் கையொப்பத்தை நானே போட்டுப் பாதிரியாருக்கு அனுப்பிவிட்டேன்.

இதில் ஆத்திரப்பட ஒன்றும் இல்லை. எண்பத்து மூன்றில் நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து ஹோம் ஒபிஸ், கவுன்சில், டொக்டர், பாங்க் எல்லாவற்றுக்கும் உங்கள் ஃபோமை நிரப்பிக் கையொப்பம் வைத்தது யார்? "நீயே போட்டுவிடு தம்பி, பிள்ளை அழுகுது" என்று நீங்கள்தானே குசினியிலிருந்து சொல்வீர்கள்? உங்கள் "ந"வின் வளைவு எனக்கு உங்களைவிட நன்றாக வரும். பழைய பழக்கம், அவ்வளவுதான்.

பதினைந்தாம் தேதி நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பாலா சேலையும் எடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், ஓய்வு பெற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது உங்களால் ஏலாது என்றால், அன்றைக்கு வராமல் விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

ராசன்


கெல்மவுத்
12 ஏப்ரல் 2004

கிருஷ்ணராசாவுக்கு,

நேற்று, ஈஸ்டர் ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு பாதிரியாரைப் போய்ப் பார்த்தேன். ஃபோமை எடுத்துக் காட்டினார். அது என் கையொப்பம் அல்ல என்று சொன்னேன். யாருடையது என்று கேட்டார். தம்பியுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரியாது" என்றேன். பதிவு, படி, கையொப்பம் என்று முப்பது வருடத்துக்கு மேல் பழகியவள். அந்த விஷயத்தில் நேற்றுத்தான் முதல் தடவையாகப் பொய் சொன்னேன். உனக்காகச் சொன்னேன். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

அவர் நல்ல மனிதர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கல் வராது.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்தத் தாளுக்கும் ஒரு படி எடுத்து வைப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். 1984 ஓகஸ்டில் என் விசாவை நீட்டிக்கச் சொல்லி ஹோம் ஒபிஸுக்கு நீ அனுப்பிய ஃபோம். நிரப்பியது நீ. என் பெயரில் கையொப்பம் போட்டதும் நீ, "ந"வின் வளைவு நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஏழாவது கேள்வியைப் பார். இவர் என்ன காரணத்துக்காக இந்த நாட்டில் தங்கியிருக்கிறார்? உன் வடிவான ஆங்கில எழுத்தில் பதில்: "என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள."

அதை நீ எழுதியபோது வெட்கப்படவில்லை. அன்றைக்கு அது உண்மை, உனக்குத் தேவையாகவும் இருந்தது. பாலா வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும். விதுஷாவுக்கு ஒரு வயதும் பத்து மாதமும். நான் அந்தச் சின்ன அறையில், அவளுடைய தொட்டில் ஒரு பக்கம், என் கட்டில் மறுபக்கம்.

அடுத்த மாதம் அவளுக்குக் கொப்புளிப்பான், அந்தச் சின்னம்மை, போட்டது. ஞாபகம் இருக்கிறதா? உங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில் வராத நோய் என்று டொக்டர் உங்களைக் கிட்டப் போக வேண்டாம் என்றார். எனக்கும் வந்ததில்லை. அதை யாரும் டொக்டருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை யார் தூக்குவது? சொறியாமல் இருக்க அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் இருந்தேன். அவளுக்குக் காய்ந்து உதிரத் தொடங்கியபோது எனக்கு வந்தது. வளர்ந்தவர்களுக்கு அது கொடுமையான நோய். நீ கதவடியில் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போவாய். ஒருநாள் சூடு நூற்று நான்கு. அன்றைக்கு நான் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த மலபார்ப் பெண்ணுக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். இந்த ஃபோமையும் ஜனவரியில் நான் அனுப்பிய பதிவேட்டுப் பக்கத்தின் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசி. இரண்டிலும் ஒரே வேலைதான் எழுதியிருக்கிறது.

உனக்கு அவளைப் பற்றி வெட்கமா, என்னைப் பற்றி வெட்கமா என்று இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்தேன். "வராமல் விடுவது எல்லோருக்கும் நல்லது" என்று நீ எழுதிய பிறகு தெரிந்துவிட்டது. எனக்கு நோகிறது, ராசன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி என் பெயரில் எதிலும் கையொப்பம் வைக்காதே.

நகுலேஸ்வரி


ஹரோ
30 மே 2004

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு கிழமையாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சொல்லப் பல தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். உங்களைப்போல் எனக்குத் தாளைக் கிழிக்காமல் இருக்கத் தெரியாது.

விழா நடக்கவில்லை. பாதிரியாரின் கடிதத்தைக் குழுவில் வாசித்தார்கள். தலைவர் பதவியை விட்டுவிட்டேன். சரியாகச் சொன்னால், விடச் சொன்னார்கள். உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா. சபாரத்தினம் அண்ணை கல்லைத் தன் கடையில் வைக்க இடமில்லை என்று சொல்லி எங்கள் கராஜில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். என் பெயர் பொன் எழுத்தில் இருக்கிறபடியால் நானே வைத்திருக்கலாமாம். காரைத் தெருவில் விடுகிறோம்.

முதல் மூன்று கிழமை எனக்கு உங்கள்மேல் ஆத்திரம்தான். நீங்கள் அனுப்பிய அந்தப் பழைய ஃபோமை நான் வாசிக்கவில்லை. உறையோடு, பதிவேட்டுப் படி கிடந்த மேசை லாச்சியில் போட்டுவிட்டேன். இதையும் உள்ளபடி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை விதுஷா வீட்டுக்கு வந்திருந்தாள். பாஸ்போட் தேடி லாச்சியைத் திறந்தவள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். பதிவேட்டுப் படியும் ஃபோமும் ஆங்கிலம்தானே, அவளுக்கு வாசிக்க என்ன கஷ்டம். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நீங்கள் என்னிடம் சொன்னதை, ஒருவரும் சொல்லாமல் அவள் செய்தாள்.

"அப்பா, இந்த ஃபோம்ல இருக்கிற பேபி நான்தானே?"

"ஓம்."

"மாமி இதுக்காகத்தான் வந்தவவா? எனக்காக?"

"ஓம்."

பிறகு உங்கள் கடிதத்தையும் எடுத்தாள். சனிக்கிழமை வகுப்புத் தமிழ், விரலை வைத்து மெதுவாகத்தான் வாசிப்பாள். கொப்புளிப்பான் என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். நெற்றியில் இருக்கிற அந்தச் சின்னத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "மாமிக்கும் வந்ததெண்டு ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டாள். பாலா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். "மாமி மேட்ரன்" என்று அவளுக்கும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திரும்பக் கத்தியிருப்பேன். இரண்டு தாளையும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "இதை நான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

மலர் நானூறு படி அடித்தோம். நூற்றறுபது இன்னும் என் வீட்டில் இருக்கிறது. மிச்சம் யார் யாரிடம் போனது என்று என்னிடம் பட்டியல் உண்டு. ஒரு பிழைதிருத்தத் தாள் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பப் போகிறேன். பேரவை அனுப்பாது, நான் அனுப்புகிறேன். வசனத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"பிழைதிருத்தம். பக்கம் 37. 'வணிகப் பெருமகன்' என்பதை, 'பிள்ளை பார்த்த பெண், பெயர் பதியப்படவில்லை' என்று திருத்தி வாசிக்கவும். 'முதல் தமிழர்' என்பதை, 'தமிழராக இருக்கக்கூடும்' என்று திருத்தி வாசிக்கவும். படத்தில் உள்ளவர் யாரும் அல்லர். 'பெருமருத்துவமனையின் மேட்ரன்' என்பதை, 'முதியோர் இல்லப் பணியாளர், முன்னர் இக்கட்டுரைக்குப் பொறுப்பானவரின் மகளை நான்கு வருடம் பார்த்தவர்' என்று திருத்தி வாசிக்கவும். இப்பிழைகள் அறியாமல் நேர்ந்தவை அல்ல. கி. கிருஷ்ணராசா."

மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, ஒத்திருந்தால் கையொப்பம் வைத்து அனுப்புங்கள். நான் போட மாட்டேன். முத்திரை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன்.

சாப்பிட்டீர்களா என்று கேட்க எனக்கு இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

ராசன்


கெல்மவுத்
4 ஜூன் 2004

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மிஸ் ஹில்டாவுக்கு உன் பிழைதிருத்தத்தை ஆங்கிலத்தில் சொல்லி வாசித்துக் காட்டினேன். கடைசி வசனத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

பாதிரியார் தகரக் கொட்டிலை வேறு பக்கம் மாற்றச் சம்மதித்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு சின்னப் பலகை வைப்பார்கள். பதிவேட்டில் உள்ள வரி மட்டும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். புரவலர், தலைவர் ஒருவரும் கிடையாது. விருப்பமென்றால் வந்து பார். பார்க்க வருகிறவர்களிடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கச் சொல்லு.

எனக்கு உன்மேல் இன்னும் முழுதாகக் கோபம் ஆறவில்லை. அது ஆறுகிறபோது ஆறட்டும். அந்தக் கல்லை விற்காதே, கராஜிலேயே கிடக்கட்டும். காரைத் தெருவில் விடும்போதெல்லாம் நினைத்துக்கொள்.

உன் தாளை மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பிழை இருக்கிறது. ஆகவே கையொப்பம் வைக்காமல் திருப்பி அனுப்புகிறேன். நான்கு வருடம் என்று எழுதியிருக்கிறாய். என் பாஸ்போட்டையும் அந்த வருடங்களின் நாட்குறிப்பையும் பார்த்துத்தான் சொல்கிறேன். 1983 மார்ச் 6 முதல் 1988 மே 20 வரை. ஐந்து வருடம், இரண்டு மாதம், பதினைந்து நாள். திருத்தி அனுப்பு, வைக்கிறேன். தபாலில் வேண்டாம், விதுஷாவிடம் கொடுத்துவிடு.

கடைசி நாளையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன். அன்றைக்கும் அவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடச் சப்பாத்தை மாட்டிவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

அக்கா
நகுலேஸ்வரி